ஹார்டு, சாஃப்ட்: சாயப்பட்டறையில் எதற்கு எது எதிர்ப்பதம்?

கேள்வி: வெள்ளக்கோவில் ஸ்டோர்ஸ்

வணக்கமுங்க. பி.காம். முடித்துவிட்டு இப்போதுதான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஊர் வெள்ளக்கோவில் பக்கம். கெமிஸ்ட்ரி பத்தாம் வகுப்போடு சரி. அதனால் கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்க.

எங்கள் ரிஜிஸ்டரில் 'சாஃப்ட்னர்' என்று ஒரே தலைப்புத்தான் இருக்கிறது. பாய்லர் பக்கமிருந்து வருகிற இண்டென்டில் 'சாஃப்ட்னருக்கு உப்பு 10 மூட்டை' என்று இருக்கும். ஃபினிஷிங்கிலிருந்து வருவதில் 'சாஃப்ட்னர் 2 டிரம்' என்று இருக்கும். இரண்டையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்கிறார்கள். சாயம் போடுகிற மெஷினுக்குப் பெயர் 'சாஃப்ட் ஃப்ளோ'. முதலாளிக்கு ஒரு நூல் மில்லும் இருக்கிறது. அங்கிருந்து வருகிற கணக்கில் 'ஹார்டு வேஸ்ட்', 'சாஃப்ட் வேஸ்ட்' என்று தனித்தனியாக வருகிறது. போன வாரம் பையர் ஒருத்தர் சாம்பிளைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'ஹேண்ட்ஃபீல் ஹார்டு' என்று கமென்ட் அனுப்பினார். தண்ணி ஹார்டாக இருந்ததால் துணியும் ஹார்டு ஆகிவிட்டதா என்று பையர் ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று, அதுதான் எனக்குப் பெரிய குழப்பம். எங்கள் ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதைத்தான் பள்ளிக்கூடத்தில் கடின நீர், ஹார்டு வாட்டர் என்று படித்தோம். அப்படியென்றால் உப்பைப் போட்டு அந்தத் தண்ணியை எப்படி சாஃப்ட் ஆக்குகிறார்கள்? உப்பு சேர்ந்தால் இன்னும் ஹார்டுதானே ஆக வேண்டும்?

ஹார்டுக்கு எதிர்ப்பதம் சாஃப்ட் என்பது தெரியும். ஆனால் எல்லா இடத்திலும் அது ஒரே ஹார்டு, ஒரே சாஃப்ட்தானா?

பதில்: லேப் அக்கா, அவிநாசி

தம்பி, உப்பு மூட்டையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கல்லூரி முடித்ததிலிருந்து சாயப்பட்டறை லேப்தான் எனக்குச் சோறு போடுகிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் தடுமாறுகிற இடம் இந்த உப்புதான்.

நம் பக்கம் வாயில் கரிக்கிற தண்ணி, சோப்பு நுரைக்காத தண்ணி இரண்டையும் சேர்த்து 'உப்புத் தண்ணி' என்றே சொல்லிவிடுகிறோம். போர் தண்ணியில் பெரும்பாலும் இரண்டு குணமும் சேர்ந்தே இருப்பதால் வீட்டுக்கு அந்தப் பேச்சு போதும். சாயத்துக்குப் போதாது. தண்ணியில் கரைந்திருக்கிற அத்தனையையும் சேர்த்துச் சொல்வது டிடிஎஸ். அதற்குள் கால்சியம், மெக்னீசியம் இரண்டை மட்டும் கணக்கெடுத்தால் அது ஹார்ட்னஸ். சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு. சோடியத்துக்கும் ஹார்ட்னஸுக்கும் சம்பந்தமே இல்லை. சுத்தமான தண்ணியில் சுத்தமான உப்பைக் கரைத்தால் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கரிக்கும். ஆனாலும் லேப் கணக்கில் அது சாஃப்ட் வாட்டர்.

பாய்லர் பக்கத்தில் நிற்கிற சாஃப்ட்னர் தொட்டிக்குள் ரெசின் இருக்கிறது. சின்னச் சின்னப் பழுப்பு மணிகள். அந்த மணிகள் மேல் சோடியம் ஒட்டியிருக்கும். போர் தண்ணி அதன் வழியாக இறங்கும்போது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ரெசின் பிடித்துக்கொண்டு, சோடியத்தைத் தண்ணியில் விட்டுவிடும். கொஞ்ச நேரம் ஓடியதும் ரெசின் முழுக்கக் கால்சியம் ஏறிவிடும், அதற்கு மேல் பிடிக்காது. அப்போதுதான் உங்கள் உப்பு மூட்டை வேலைக்கு வருகிறது. கெட்டியான உப்புக் கரைசலை ரெசின் மேல் விட்டால் கால்சியம் கழன்றுபோய் மறுபடி சோடியம் ஏறும். இதை ரீஜெனரேஷன் என்போம். அந்தக் கரைசல் கழிவுக்குப் போய்விடும். சாயத்துக்கு வருகிற தண்ணியில் அதைக் கலப்பதில்லை.

சாஃப்ட்னரில் இறங்கியதால் டிடிஎஸ் குறையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்க. 40 கிராம் கால்சியம் போகிற இடத்தில் 46 கிராம் சோடியம் வருகிறது. அதனால் துளி ஏறவே செய்யும். டிடிஎஸ் குறைய வேண்டுமென்றால் ஆர்ஓ வேண்டும்.

அப்புறம், இப்படி ஹார்ட்னஸ் எடுத்த தண்ணியில்தான் நாமே மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிறோம். ரியாக்டிவ் சாயம் பருத்தி மேல் ஏறுவதற்கு உப்பு வேண்டும். நேவி, கறுப்பு மாதிரி அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை போகும். அந்தச் சாயத் தண்ணியில் (பாத் என்போம்) டிடிஎஸ் எங்கேயோ இருக்கும், ஹார்ட்னஸ் மட்டும் இருக்கக் கூடாது. ஏனென்றால் சாயம் துணியில் நிலைப்பதற்கு அடுத்ததாக சோடா ஆஷ் போடுகிறோம். தண்ணியில் கால்சியம் இருந்தால் சோடா ஆஷோடு சேர்ந்து சுண்ணாம்புப் பொடியாக இறங்கித் துணி மேலேயே உட்கார்ந்துவிடும். சாயமும் சில சமயம் கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துவிடும். ஷேடு மங்கும், திட்டுத் திட்டாகத் தெரியும். இதில் கொடுமை என்னவென்றால், மட்டமான கல்லுப்பு வாங்கினால் அந்த உப்பே கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். நான் உப்பு லோடு வந்தாலும் கரைத்து ஹார்ட்னஸ் பார்க்காமல் இறக்க விடுவதில்லை. உங்கள் பட்டறையில் அப்படிப் பார்க்கிறார்களா என்று கேளுங்க.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. தண்ணியில் அம்மோனியா பஃபர் விட்டு, எரியோகுரோம் பிளாக் டி இண்டிகேட்டரைத் துளி போட்டால் கால்சியம் இருக்கும்வரை திராட்சைச் சிவப்பில் நிற்கும். ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் பளிச்சென்று நீலமாகும். எத்தனை மில்லி போயிற்று என்பதிலிருந்து கணக்கு. நல்ல சாஃப்ட் வாட்டர் என்றால் இண்டிகேட்டர் போட்டவுடனேயே நீலம்.

இந்த 'ஹார்டு' என்ற பெயர் சோப்பை வைத்து நிலைத்தது. 1841-இல் ஸ்காட்லாந்தில் அபர்டீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க் தண்ணியில் சுண்ணாம்பு சேர்த்தே அதிலிருக்கிற சுண்ணாம்பை இறக்குகிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நுரை நிற்க எவ்வளவு சோப்புக் கரைசல் பிடிக்கிறது என்று அளந்து ஹார்ட்னஸைச் சொன்னவரும் அவர்தான். உங்கள் வீட்டில் சோப்பு நுரைக்கவில்லை என்று சொல்கிறீர்களே, அதே சோதனைதான்.

இனி இரண்டாவது சாஃப்ட்னர். ஃபினிஷிங்கில் டிரம்மில் வருவது தண்ணிக்கு ஒன்றும் செய்யாது. அது துணிக்குப் போடுகிற எண்ணெய்ப் பசை மாதிரியான சரக்கு. கொழுப்பு அமிலத்திலிருந்து செய்கிற கேட்டயானிக் ஒரு வகை, சிலிக்கான் ஒரு வகை. இழைகள் ஒன்றோடொன்று வழுக்கிப் போகும்படி மேலே மெல்லிய பூச்சு கொடுக்கும், கைக்கு மெத்தென்று இருக்கும். துணியை விரித்துக் காயவைக்கிற ஸ்டென்டர் மெஷினுக்கு முன்னால், கரைசலில் முக்கிப் பிழிகிற பேடிங்கில் கொடுப்பார்கள், அல்லது மெஷினிலேயே கடைசி பாத்தில் கொடுப்பார்கள். சோப்பு சரியாக அலசாத துணியில் கேட்டயானிக் விட்டால் இரண்டும் சேர்ந்து திரிந்து கறை விழும். காரம் போகாத துணியில் சிலிக்கான் விட்டால் எமல்ஷன் உடைந்து எண்ணெய்ப் புள்ளி விழும். அப்படி விழுந்த புள்ளியை எடுப்பது பெரும்பாடு. சில சிலிக்கான் போட்டால் துணி தண்ணியை உறிஞ்சாது, பிரிண்டிங் பிடிக்காது. அதனால் பிரிண்டுக்குப் போகிற லாட்டுக்கு எந்த சாஃப்ட்னர் என்பதைப் பெயர் எழுதிக் கேட்க வேண்டும்.

ஒரே தலைப்பில் எழுதுவதன் விளைவை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் நைட் ஷிப்ட் ஆள் 'சாஃப்ட்னர் சரியில்லை' என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது ரெசின் தொட்டியை. ஸ்டோர்ஸில் சிலிக்கான் டிரம் என்று நினைத்து சப்ளையரைக் கூப்பிட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஹார்டு தண்ணியிலேயே பேட்ச் மேல் பேட்ச் ஓடியது. ஷேடு ஒன்றுகூடச் சேரவில்லை. அதனால்தான் உங்கள் ரிஜிஸ்டரைப் பற்றிப் படித்ததும் எனக்குப் பதறியது.

சாஃப்ட் ஃப்ளோ மூன்றாவது. அதில் சாஃப்ட் என்பது தண்ணியின் குணமும் இல்லை, துணியின் குணமும் இல்லை. துணியை இழுத்துப்போகிற விதம். பழைய வின்ச் மெஷினில் உருளை துணியை இழுக்கும். ஜெட்டில் நாசில் வழியாகப் பீய்ச்சுகிற வேகம் துணியைத் தள்ளும். சாஃப்ட் ஃப்ளோவில் அழுத்தம் குறைவு, தண்ணி ஓட்டத்தோடு துணி நோகாமல் போகும். பின்னல் துணி இழுபட்டால் நீளும், ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை) மாறும், அதற்குத்தான் இந்த மெஷின். 'ஹார்டு ஃப்ளோ' என்று எதிர்ப்பதம் தேடாதீங்க, அப்படி ஒரு மெஷின் கிடையாது.

பையர் கமென்டுக்கு வருகிறேன். நீங்கள் மெர்ச்சண்டைசரிடம் கேட்டது சரியான கேள்வி. ஹார்டு தண்ணியால் துணி மேல் சுண்ணாம்பு படிந்தால் கைக்குச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு காரணம், அவ்வளவுதான். ஸ்டென்டரில் அதிகம் காய்ந்தாலும் அப்படி இருக்கும், சோடா ஆஷ் சரியாக அலசாவிட்டாலும் இருக்கும், சாஃப்ட்னர் குறைந்தாலும் இருக்கும். நான் செய்வது இது: அந்தத் துணியில் ஒரு துண்டை அசிட்டிக் ஆசிட்டும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிற சீக்வெஸ்டரிங் ஏஜென்டும் விட்ட சுடுதண்ணியில் அலசிக் காயவைத்துப் பார்ப்பேன். தொட்டால் தெரிகிற சொரசொரப்பு மாறினால் படிவு அல்லது காரம். மாறவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். தண்ணி ஹார்ட்னஸுக்கு எண் இருக்கிறது, சண்டை வராது. ஹேண்ட்ஃபீலுக்கு நம் தொழிலில் ஒத்துக்கொண்ட எண் கிடையாது. பையர் கையெழுத்துப் போட்ட ஸ்வாட்ச், அதாவது மாதிரித் துணித் துண்டுதான் அளவு. அந்த ஸ்வாட்சைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்க.

பதில்: ஸ்பின்னிங் மெயின்டனன்ஸ், பல்லடம்

அக்கா சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. துணி ஹார்டாக இருக்கிறதென்றால் சாயப்பட்டறைக்குப் போகும் முன்னால் நூலைப் பாருங்க. முறுக்கு ஏறினால் நூல் இறுகும், துணியும் இறுகும். 30-ஆம் நம்பர் பனியன் நூலுக்கு அங்குலத்துக்கு 19 முறுக்கு மாதிரி வைப்போம். அதே நம்பரைத் தறியில் பாவுக்கு ஓட்டுவதென்றால் 23 வரை போகும், இல்லாவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். பாவு நூல் மிச்சமிருக்கிறது, விலை குறைவு என்று வாங்கிப் பனியன் துணி பின்னினால், நீங்கள் எத்தனை டிரம் சிலிக்கான் ஊற்றினாலும் கைக்கு மெத்தென்று வராதுங்க.

தம்பி கேட்ட வேஸ்ட் கணக்கும் இதே முறுக்கில்தான் நிற்கிறது. ஸ்லைவர் (முறுக்காத பஞ்சுத் திரி) துண்டு, ரோவிங் (நூலாவதற்கு முந்தைய மெல்லிய திரி) துண்டு, ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தபோது உறிஞ்சுகிற பஞ்சு, இதெல்லாம் சாஃப்ட் வேஸ்ட். பஞ்சு இன்னும் பஞ்சாகவே இருக்கிறது. ரோவிங்குக்குக் கொஞ்சம் முறுக்கு உண்டு, அதைப் பிரிக்கத் தனி மெஷின் இருக்கிறது. மறுபடி மிக்சிங்கில் சேர்த்துவிடலாம். முறுக்கு முழுசாக ஏறி நூலாகிவிட்டால், கோன் வைண்டிங்கில் விழுகிற துண்டு மாதிரி, அது ஹார்டு வேஸ்ட். அதை நாங்கள் திரும்ப எடுக்க முடியாது, விற்றுவிடுவோம். வாங்குகிறவர்கள் ஹார்டு வேஸ்ட் ஓப்பனரில் கிழித்துப் பஞ்சாக்கி ஓப்பன் எண்ட் ஸ்பின்னிங் மெஷினில் தடித்த நூல் ஓட்டுவார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஹார்டு வேஸ்டும் மெத்தென்றுதான் இருக்கும். தொட்டுப் பார்த்து எழுதாதீங்க, எந்த டிபார்ட்மென்டில் விழுந்தது என்று கேட்டு எழுதுங்க. இரண்டுக்கும் விலை வேறு.

சாயத்துக்குப் போகிற நூலை 'சாஃப்ட் பேக்கேஜ்' என்று சுற்றுவோம், அது இன்னொரு சாஃப்ட். தளர்வாகச் சுற்றினால்தான் சாயத் தண்ணி உள்ளே வரை போகும்.

பதில்: இங்கிலீஷ் டீச்சர், ஈரோடு

மொழிப் பக்கமிருந்து இரண்டு வரி. ஹார்டு கொஸ்டின் என்றால் எதிர்ப்பதம் சாஃப்ட் கிடையாது, ஈஸி. சாஃப்ட் மியூசிக்குக்கு எதிர்ப்பதம் ஹார்டு கிடையாது, லவுடு. அதாவது ஆங்கிலத்தில் இந்த இரண்டு சொல்லும் சில இடங்களில் மட்டும் ஜோடி சேரும், மற்ற இடங்களில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஜோடி. எங்கள் பிள்ளைகளுக்கு 'கேட்' (cat) சொல்லில் வருகிற சி ஹார்டு சி, 'சிட்டி' (city) சொல்லில் வருவது சாஃப்ட் சி என்று சொல்லித் தருகிறோம். உடனே வல்லினம், மெல்லினமா டீச்சர் என்று கேட்பார்கள். இல்லை. நம் மெல்லினம் மூக்கொலி, ங ஞ ண ந ம ன. ஆங்கிலத்து சாஃப்ட் சி வெறும் ஸகர ஒலி. பெயர் ஒத்துப்போகிறது, பிரிக்கிற கோடு வேறு.

பதில்: மோட்டார் வைண்டிங், கணபதி

எங்கள் பட்டறையிலும் இது உண்டு. மோட்டாருக்குள் அடுக்குகிற ஸ்டாம்பிங் தகட்டை சாஃப்ட் மேக்னடிக் என்பார்கள். கையால் வளைத்துப் பாருங்க, சாஃப்ட் ஒன்றும் இல்லை. சிலிக்கான் கலந்த எஃகு, வெறும் இரும்பைவிட இறுக்கம். கரண்ட் நின்றவுடன் காந்தத்தை விட்டுவிடும், அதனால் சாஃப்ட். ஸ்பீக்கர் காந்தம் விடாது, அது ஹார்டு. அந்தக் காலத்தில் பதப்படுத்தாத மெதுவான இரும்பு காந்தத்தைச் சீக்கிரம் விட்டது, கடினப்படுத்திய எஃகு பிடித்து வைத்தது. அதிலிருந்து வந்த பேச்சு, சரக்கு மாறியும் அப்படியே நிற்கிறது.

போர் மோட்டாருக்கு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போடுவதும் தனி. நேராக ஆன் செய்தால் ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும், பைப்பு உதறும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் வோல்டேஜை மெல்ல ஏற்றும். நேராக ஆன் செய்கிறதை ஹார்டு ஸ்டார்ட்டர் என்று யாரும் சொல்வதில்லை, டிஓஎல் (டைரக்ட் ஆன் லைன்) என்போம்.

வெள்ளக்கோவில் ஸ்டோர்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. உப்பு விஷயம் இப்போது தெளிந்துவிட்டது. அக்கா, இன்னும் இரண்டு கேள்வி. ரிஜிஸ்டரில் எப்படிப் பிரித்து எழுதட்டும்? அப்புறம் எங்கள் வீட்டில் சின்ன சாஃப்ட்னர் ஒன்று வாங்கி வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்கள். அந்தத் தண்ணியில் பருப்பு வேகுமா, குடிக்கலாமா? அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. மிச்சத் தண்ணி தென்னைக்குப் போகும்.

பதில்: லேப் அக்கா, அவிநாசி

ரிஜிஸ்டரில் 'சாஃப்ட்னர்' என்ற தலைப்பையே எடுத்துவிடுங்க. 'ரீஜெனரேஷன் உப்பு' ஒரு பக்கம். 'சாய உப்பு' தனிப் பக்கம், அதில் சாதா உப்பு, கிளாபர் சால்ட் (சோடியம் சல்பேட்) என்று பிரித்து. 'ஃபினிஷிங் சிலிக்கான்' ஒரு பக்கம், 'ஃபினிஷிங் கேட்டயானிக்' ஒரு பக்கம், ஒவ்வொன்றிலும் சரக்கின் பிராண்ட் பெயரோடு. மேனேஜர் எதற்கு இவ்வளவு என்று கேட்டால் உப்புக் கணக்கைக் காட்டுங்க. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் நடத்தினால்தான் தொழில் என்று ஆகிவிட்டது. உள்ளே வருகிற ஒவ்வொரு கிலோ உப்பும் ஆர்ஓ, தண்ணியை ஆவியாக்குகிற எவாப்பரேட்டர் என்று ஏறி இறங்கித்தான் வெளியே வர முடியும். அதில் சாயத்துக்குப் போனது எவ்வளவு, ரெசினுக்குப் போனது எவ்வளவு என்று தெரியாமல் எவாப்பரேட்டர் செலவை யாரும் குறைக்க முடியாது. ஆர்ஓவில் திரும்பி வருகிற தண்ணியில் ஹார்ட்னஸ் ஏறக்குறைய இல்லை, அதைப் போர் தண்ணியோடு கலந்துவிட்டு மறுபடி சாஃப்ட்னரில் விடுகிற பட்டறைகளும் இருக்கின்றன. உங்கள் குழாய் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் கூடவே நடந்து பாருங்க.

வீட்டு விஷயம். பருப்பு வேகும். கால்சியம் பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கிற பெக்டினோடு சேர்ந்து இறுக்கிவிடுகிறது, அதனால்தான் போர் தண்ணியில் எவ்வளவு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கிறது. சிறுவாணித் தண்ணி வருகிற வீட்டில் இந்தப் பிரச்சினை இல்லை.

குடிப்பதற்கு நான் வேண்டாம் என்பேன், அதுவும் அம்மாவுக்கு பிரஷர் இருக்கும்போது. ஹார்ட்னஸ் 100 (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 100 மில்லிகிராம்) குறைந்தால் லிட்டருக்கு 46 மில்லிகிராம் சோடியம் ஏறும். உங்கள் போர் தண்ணி 600 இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 276 மில்லிகிராம். உப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்குத் தெரியாமலே அது உள்ளே போகும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஹார்ட்னஸ் 200 வரை இருக்கலாம், வேறு தண்ணி கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்று இருக்கிறது. கால்சியம் விஷம் இல்லை. அதனால் துணி துவைக்க, குளிக்க, கீசருக்கு சாஃப்ட்னர் தண்ணி. குடிக்கவும் சமைக்கவும் தனிக் குழாயில் குடிநீர். அப்படி இரண்டு லைன் இழுக்க முடிந்தால் வாங்குங்க.

தென்னை பற்றி எனக்குப் பேசத் தகுதியில்லை, விவசாயம் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

பதில்: தென்னந்தோப்பு, காங்கயம்

தம்பி, தென்னைக்கு அந்தத் தண்ணியை விடவே விடாதீங்க. தண்ணி சாஃப்ட் ஆனால் மண் ஹார்டு ஆகும். இது விளையாட்டுப் பேச்சு இல்லைங்க, நாங்கள் நிலத்தில் அனுபவித்தது. சோடியம் ஏறினால் களி மண் துகள் கலைந்து, மேலே அப்பிக்கொள்ளும். மழை பெய்தாலும் உள்ளே இறங்காது, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், மண்வெட்டி இறங்காது. அதுதான் களர். உவர் வேறு, உவரில் மொத்த உப்பு அதிகம், நல்ல தண்ணியும் வடிகாலும் இருந்தால் கழுவி எடுக்கலாம். மண் பரிசோதனையில் இரண்டையும் தனித்தனி எண்ணாகவே தருவார்கள். மாற்றிக்கொள்ளக்கூடிய சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் களர். ஈசி, அதாவது மின் கடத்துதிறன், 4-ஐத் தாண்டினால் உவர். அக்கா சொன்ன ஹார்ட்னஸ், டிடிஎஸ் மாதிரியேதான், நாங்களும் வெகு காலம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

களரைத் திருத்த என்ன போடுகிறோம்? ஜிப்சம். அது கால்சியம் சல்பேட். நீங்கள் தண்ணியிலிருந்து செலவு செய்து எடுத்துக் கழிவில் விடுகிற அதே கால்சியத்தை நாங்கள் மூட்டைக் கணக்கில் வாங்கி மண்ணில் போடுகிறோம். கால்சியம் ஏறினால் மண் பொலபொலவென்று ஆகும். நிலக்கடலைக்கும் 40, 45-ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்போம், காய் திரட்சிக்கு. உங்கள் போர் தண்ணி ஹார்டாக மட்டும் இருந்தால் தென்னை தாங்கும். சொட்டு நீர்க் குழாய் அடைக்கும், அதற்கு ஆசிட் விட்டு அலசிக்கொள்ளலாம். சாஃப்ட்னர் கழிவுத் தண்ணியைச் சொல்லவே வேண்டாம், அது முழுக்க உப்பு.

நொய்யல் ஓரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் எங்கள் பாசனத்துக்கென்று கட்டியது. சாயத் தண்ணி தேங்கி அந்த அணையைத் திறந்தாலே பயம் என்று ஆயிற்று. அதனால் தம்பி ஸ்டோர்ஸில் உப்பு மூட்டையைச் சரியாகக் கணக்கு எழுதினால் எங்களுக்கும் அதில் பங்கு உண்டுங்க.

வெள்ளக்கோவில் ஸ்டோர்ஸ்

கழிவுக் குழாயைத் தோப்புப் பக்கம் விடுவதாகத்தான் இருந்தோம். மாற்றிவிடுகிறேன் அண்ணா. அக்கா, வாங்குவதற்கு முன்னால் எங்கள் போர் தண்ணியை ஒரு தடவை டெஸ்ட் செய்து பார்க்கணும். எங்கள் லேபிலேயே கொடுக்கலாமா, எப்படிப் பிடித்துக்கொண்டு வரணும்?

பதில்: லேப் அக்கா, அவிநாசி

உங்கள் லேபிலேயே கொடுங்க, அதே டைட்ரேஷன்தான். மேல்தொட்டியிலிருந்து பிடிக்காதீங்க, மோட்டாரை ஒரு கால் மணி நேரம் ஓடவிட்டு, போர் வாயிலிருந்தே நேராகப் பிடிங்க. ஒரு லிட்டர் மினரல் வாட்டர் பாட்டில் போதும். அதே தண்ணியில் இரண்டு மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டு, காற்று இடைவெளி இல்லாமல் வாய் வரை நிரப்பி மூடுங்க. இந்தப் பக்கத்துத் தண்ணியில் பைகார்பனேட் நிறைய இருக்கும், திறந்து வைத்தால் சுண்ணாம்பு கீழே இறங்கி ஹார்ட்னஸ் குறைவாகக் காட்டும். அன்றைக்கே கொடுத்துவிடுங்க. ஹார்ட்னஸ், டிடிஎஸ் இரண்டும் கேளுங்க, சோடியமும் பார்க்க முடிந்தால் அதையும். பாட்டிலில் தேதியும் போர் ஆழமும் எழுதி ஒட்டுங்க. கோடையில் ஒரு தடவை, மழை முடிந்த பிறகு ஒரு தடவை பார்த்தால்தான் எந்த அளவு சாஃப்ட்னர் வேண்டும் என்று சொல்ல முடியும்.